நேற்று வந்தவனுக்கு ஏன் வீடு? – லண்டன் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், சங்க நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

கவுன்சிலுக்கும் (உள்ளூராட்சிச் சபை) நம் தொகுதி எம்.பி.க்கும் அனுப்புவதற்காக நீங்கள் எழுதி வைத்திருக்கும் கடிதம் வட்ஸ்அப்பில் நாலைந்து குழுக்களைச் சுற்றிக்கொண்டு எனக்கும் வந்து சேர்ந்தது. சாரம் இதுதான்: நாங்கள் இருபது முப்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறோம், வேலை செய்தோம், வரி கட்டினோம், பிரஜாவுரிமையும் எடுத்துவிட்டோம், இப்போது வருகிறவர்களால் எங்கள் பிள்ளைகளுக்குக் கவுன்சில் குறைந்த வாடகைக்குத் தரும் வீடும் இல்லை, டொக்டரிடம் அப்பொயின்ட்மென்ட்டும் இல்லை, பள்ளிக்கூடத்தில் இடமும் இல்லை, ஆகவே பொதுச் சேவைகளில் நெடுநாள் குடிமக்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். கீழே கையெழுத்துப் பட்டியலில் கோயில் நிர்வாகத்தார், பழைய மாணவர் சங்கங்கள், தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் என்று நீளமாக இருக்கிறது. தனியாகப் போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கடிதம் ‘தமிழ்ச் சமூகத்தின் சார்பில்’ என்று போகிறது, அந்தச் சமூகத்தில் நானும் ஒருவன், அதனால் பதிலும் எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

உங்கள் கோபம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, பிரித்தானியப் பிரஜை, கிளீனிங் வேலை, இரண்டு பிள்ளைகளோடு கவுன்சில் கொடுத்த தற்காலிக வீட்டில் இருக்கிறார். தற்காலிகம் என்று பெயர், மூத்தவன் அங்கேயே ஆரம்பப் பள்ளியை முடித்துவிட்டான். ஒவ்வொரு வாரமும் பஸ்ஸில் போகும்போது போனைத் திறந்து வந்திருக்கும் வீடுகளுக்கு பிட் போடுவார், அதாவது இந்த வீடு எனக்கு வேண்டும் என்று பதிவார். ‘இந்த வீட்டுக்கு உங்கள் இடம் 187’ என்று வரும். அடுத்த வாரம் வேறு வீடு, இடம் 203. நாள் போகப் போக முன்னுக்கு வர வேண்டியவர் பின்னுக்குப் போகிறார், ஏனென்றால் அவரைவிட அவசரமான கேஸ் என்று கவுன்சில் நினைக்கும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர் உங்கள் கடிதத்தில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் அவர் இடத்தில் இருந்தால் நானும் போட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் அவருக்கு முன்னால் நிற்கும் அந்த 186 குடும்பங்களும் நேற்று ஹீத்ரோவில் வந்து இறங்கியவர்கள் என்று அவருக்குச் சொன்னது யார்? நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள், அது உண்மையில்லை.

நீங்கள் கேட்கிற முன்னுரிமை இந்த நாட்டுச் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் நீங்கள் கேட்டதைவிடக் கடுமையாக. 1999ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் வந்ததிலிருந்து, வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ துணைவர் விசாவிலோ வருகிற ஒருவருக்குப் பொது நிதி எதுவும் கிடையாது. யூனிவர்சல் கிரெடிட் என்ற குறைந்த வருமானக்காரர் உதவிப்பணம் இல்லை, பிள்ளைகளுக்கான சைல்ட் பெனிபிட் இல்லை, கவுன்சில் வீட்டுப் பட்டியலில் பெயர் போட முடியாது, வீடில்லாமல் தெருவுக்கு வந்தாலும் கவுன்சில் சாதாரண வழியில் வீடு தர முடியாது. முந்தி கொடுத்த விசா அட்டையிலேயே ‘பொது நிதி இல்லை’ என்று அச்சடித்திருக்கும், நம் வீட்டு மருமக்களின் அட்டையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வரி மட்டும் முதல் மாதச் சம்பளத்திலிருந்தே போகும்.

அதற்கு மேல் ஆஸ்பத்திரிக்கு வேறு முன்பணம். 2015இல் விசாவோடு சேர்த்து வாங்கத் தொடங்கிய அந்தச் சுகாதாரக் கட்டணம் அப்போது வருடத்துக்கு 200 பவுண். 2024 பெப்ரவரியில் பெரியவருக்கு 1,035, பிள்ளைக்கு 776 ஆகிவிட்டது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மூன்று வருட விசா என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10,866 பவுண். தவணை கிடையாது, விண்ணப்பம் போடும்போதே மொத்தமாக வைக்க வேண்டும். விசாக் கட்டணம் இதில் சேரவில்லை. வருமான வரியும், சம்பளத்தில் பிடிக்கும் நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்புறுதியும் இதற்குப் பிறகுதான். நர்ஸ்மார், கெயார் (முதியோர், நோயாளர் பராமரிப்பு) வேலைக்கு வந்தவர்கள் மாதிரிச் சிலருக்கு இந்தக் கட்டணம் விலக்கு, மற்றவர்கள் எல்லோரும் கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். ‘ஒரு சதமும் கட்டாமல் வந்து என்.எச்.எஸ்ஸை நிரப்புகிறார்கள்’ என்று அரசு மருத்துவச் சேவையைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறதே, அதை எழுதியவர் தன் சொந்த மருமகனிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அகதி விண்ணப்பம் போட்டவர்கள் கதை வேறு என்பீர்கள். சரி, அதையும் பார்ப்போம். கேஸ் முடியும்வரை அவர்களுக்குக் கவுன்சில் வீடு கிடையாது, ஹோம் ஒஃபிஸ் (உள்துறை அமைச்சு) எங்கே போடுகிறதோ அங்கே இருக்க வேண்டும். 2024 கணக்கில் வாரம் 49 பவுண் 18 பென்ஸ், சாப்பாடு தருகிற ஹோட்டல் என்றால் 9 பவுணுக்கும் குறைவு. முதல் 12 மாதம் வேலை செய்ய விடமாட்டார்கள், அதற்குப் பிறகும் ஒரு குறுகிய பட்டியலில் உள்ள வேலைகளுக்குத்தான் அனுமதி கேட்கலாம். அகதி ஸ்டேட்டஸ் கிடைத்த பிறகுதான் கவுன்சில் கதவைத் தட்ட முடியும், தட்டினாலும் தனி ஆளாக இருக்கும் ஒரு இளைஞனுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு பட்டியல் தாளும் நல்வாழ்த்தும்தான். ஹோட்டலுக்கு அரசு கோடிக்கணக்கில் கொட்டுகிறதே என்று கேட்டால், கொட்டுகிறது, அது ஒப்பந்தக் கம்பெனிகளுக்குப் போகிறது. கேஸை வருடக்கணக்கில் இழுத்தடிக்கிற ஒவ்வொரு மாதமும் அந்தப் பில் ஏறும். இதில் எங்கே அந்தப் பையன் உங்கள் வீட்டை எடுத்தான்?

அப்போ வீடுகள் எங்கே போயின? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் எழுதியிருக்கும் இதே கடிதத்தை உங்களுக்கு முன்னால் ஒரு அமைச்சரே எழுதியிருக்கிறார்.

கிழக்கு லண்டனில் டகன்ஹாம். 1921இல் தொடங்கி 1935வரை லண்டன் கவுண்டி கவுன்சில் அங்கே பெக்கன்ட்ரீ என்று ஒரு குடியிருப்பைக் கட்டியது, சுமார் 26,000 வீடுகள், அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரிய அரசுக் குடியிருப்பு. ஈஸ்ட் எண்டின் நெரிசல் வீடுகளிலிருந்து குடும்பங்கள் அங்கே போயின. 1931இல் பக்கத்திலேயே ஃபோர்ட் தொழிற்சாலை வந்தது. அப்பன் ஃபோர்டில் வேலை, மகனும் ஃபோர்டில் வேலை, அடுத்த தெருவில் மகனுக்கு ஒரு கவுன்சில் வீடு. இரண்டு தலைமுறைக்கு வாழ்க்கை இப்படிப் போனது. பிறகு 1980இல் தட்சர் அரசு குடியிருப்பவர்களுக்கே வீட்டை விலைக் கழிவில் விற்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. இங்கிலாந்து முழுக்க இதுவரை 20 லட்சம் அளவில் வீடுகள் போய்விட்டன. விற்ற பணத்தில் பெரும்பகுதியைக் கொண்டு புது வீடு கட்டக் கவுன்சில்களை விடவில்லை. 2002இல் ஃபோர்ட் அங்கே கார் பொருத்திச் செய்வதையும் நிறுத்தியது. இதே காலத்தில்தான் லண்டனின் மற்றப் பக்கங்களில் வாடகை கட்ட முடியாத ஆட்கள், அதில் பலர் கறுப்பு மண்ணிற முகங்கள், டகன்ஹாமுக்கு வரத் தொடங்கினார்கள், ஏனென்றால் லண்டனிலேயே மலிவு அதுதான்.

இப்போது அந்தத் தெருவில் நின்று பாருங்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த வீடுகள், ஒரே செங்கல், ஒரே வேலி. இதில் 14ஆம் இலக்கம் கவுன்சில் வீடு, 16ஆம் இலக்கம் விற்றுவிட்ட வீடு, அதை வாங்கியவர் இன்னொருவருக்கு விற்று, அவர் இப்போது கவுன்சில் வாடகையைப் போல இரண்டு மூன்று மடங்குக்கு ஒரு நைஜீரியக் குடும்பத்துக்கோ தமிழ்க் குடும்பத்துக்கோ கொடுத்திருக்கிறார். 14ஆம் இலக்கத்துக் கிழவி யன்னலால் பார்க்கிறாள். என் மகன் பத்து வருடமாகக் காத்திருக்கிறான், இவர்களுக்குக் கவுன்சில் வீடு கொடுத்துவிட்டது என்று நினைக்கிறாள். அவளுடைய கண்ணில் அது கவுன்சில் வீடுதானே, அவள் பிறந்ததிலிருந்து அது கவுன்சில் வீடு. பி.என்.பி. என்ற இனவாதக் கட்சி இந்தக் கதையை வீடு வீடாகக் கொண்டுபோனது, 2006 தேர்தலில் பார்க்கிங்–டகன்ஹாம் கவுன்சிலில் 12 இடங்களைப் பிடித்தது. அடுத்த வருடம், 2007 மே மாதம், பார்க்கிங் தொகுதியின் தொழிற்கட்சி எம்.பி.யும் அமைச்சருமான மார்கரெட் ஹொட்ஜ் பத்திரிகையில் எழுதினார்: புதிதாக வந்தவர்களின் தேவையைவிட, நெடுநாளாக இருக்கும் குடும்பங்களின் உரிமை உணர்வுக்கு வீட்டு ஒதுக்கீட்டில் முதலிடம் கொடுக்க வேண்டும் என்று. ஹொட்ஜ் யார் தெரியுமா? எகிப்தில் பிறந்து, சிறு பிள்ளையாக இங்கே வந்த யூத அகதிக் குடும்பத்துப் பெண்.

அந்தச் சண்டைக்குப் பிறகு சமத்துவ ஆணைக்குழு ஒரு ஆய்வு செய்வித்தது, 2009இல் வெளிவந்தது. சமூக வீடுகளில், அதாவது கவுன்சிலும் வீட்டுச் சங்கங்களும் தரும் மலிவு வாடகை வீடுகளில், இருப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்த நாட்டில் பிறந்தவர்கள். முந்தைய ஐந்து வருடத்துக்குள் வந்தவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு. வரிசையை மீறிக் குடியேறிகளுக்கு வீடு கொடுத்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அதற்குள் பி.என்.பி. பரப்பியது ஊறிப்போயிருந்தது. 2010இல் அந்த 12 இடங்களையும் அவர்கள் இழந்தார்கள் என்பது உண்மை, வீடு வீடாகப் போய் மக்களோடு பேசித் தோற்கடித்தார்கள், அதில் ஹொட்ஜுக்கும் பங்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆனால் வீடு? ஒன்றும் கூடவில்லை. இன்றைக்கு இங்கிலாந்தில் பட்டியலில் காத்திருப்பவை 13 லட்சம் குடும்பங்கள். தற்காலிக வீடுகளில் மட்டும் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள். நீங்கள் கேட்கிறபடி புதிதாக வந்தவர்கள் எல்லோரையும் பட்டியலிலிருந்து வெட்டினாலும், நான் மேலே சொன்ன அக்காவின் இலக்கம் 187இலிருந்து எத்தனைக்கு வரும்? கொஞ்சம்தான் இறங்கும். அவருக்கு முன்னால் நிற்பவர்களில் அநேகம் பேர் அவரைப் போலவே பழைய ஆட்கள், சிலர் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், சிலர் அடிக்கிற புருஷனை விட்டு ஓடி வந்தவர்கள்.

2019இல் வந்த ஒரு கணக்கின்படி, லண்டனில் இப்படிக் குடியிருந்தவர்களுக்கு விற்ற கவுன்சில் வீடுகளில் நூற்றுக்கு 42 இப்போது தனியார் வாடகைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நேராகவே பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த வீடுகளில் சிலவற்றின் சொந்தக்காரர்கள் நம் ஆட்கள். ஈஸ்ட்ஹாமிலும் இல்ஃபோர்டிலும் டகன்ஹாமிலும் முன்னாள் கவுன்சில் வீட்டை வாங்கி, ஹோலில் பிளைவுட் அடித்து இரண்டு அறையாக்கி, ஊரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளுக்குக் கட்டில் கணக்கில் வாடகைக்கு விடுகிறவர்களை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். குசினி அலுமாரியில் தட்டுத் தட்டாகப் பெயர் ஒட்டியிருக்கும், ஃபிரிட்ஜில் பால் போத்தலுக்கும் பெயர் எழுதியிருக்கும், ஒரு பாத்ரூமுக்கு ஏழு பேர். வாடகை காசாகத்தான் வேண்டும், ரசீது கேட்கக் கூடாது. இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பேருக்கு இப்படி வீடுகள் இருக்கின்றன. பெயர் எழுத மாட்டேன். நேற்று வந்தவர்களால் வீட்டுத் தட்டுப்பாடு என்று அவர்களும் எழுதியிருக்கிறார்கள், அந்த நேற்று வந்தவர்கள் கொடுக்கிற காசில் அடுத்த வீட்டுக்கு டெபொசிட் கட்டிக்கொண்டே!

இனி நம் கதை. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் தமிழ் அகதிகளைத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்றப் போனபோது, அவர்கள் ஓடுபாதைப் பக்கம் உடுப்பைக் கழற்றிப் போட்டு நின்றார்கள். படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. அதே வருடமே விசா இல்லாதவரை ஏற்றிவரும் விமானக் கம்பெனிக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண் தண்டம் போடும் சட்டம் வந்தது. ஹாரிச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற பழைய படகுக் கப்பலை வாடகைக்கு எடுத்து அகதிகளை அதில் அடைத்தார்கள், பெரும்பாலும் நம் ஆட்கள். அந்த ஒக்டோபர் பெரும் புயலில் கப்பல் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்க் கரைதட்டியது. அப்போதும் பத்திரிகைகள் எழுதியது என்ன? பொருளாதார அகதிகள், பெனிபிட் எடுக்க வந்தவர்கள், நம் மக்களுக்கு முதலில் கொடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் கடிதத்தை ஆங்கிலத்தில் மாற்றி 1987 என்று தேதி போட்டால் வித்தியாசம் தெரியாது.

அதோடு இன்னொன்று. அந்தக் காலத்தில் வந்தவர்களுக்கு, அதாவது உங்களில் பலருக்கு, சட்டம் இப்போது இருப்பதைவிட இளக்கமாக இருந்தது. அகதி விண்ணப்பம் போட்டவர் கேஸ் முடியும்முன்னரே பெனிபிட் எடுக்கலாம், குடும்பத்தோடு வீடில்லாமல் நின்றால் கவுன்சில் வீடு கொடுக்கும். வீட்டு உதவியை 1993இல் இறுக்கினார்கள், நாட்டுக்குள் வந்த பிறகு விண்ணப்பித்தவர்களுக்கு 1996இல் பெனிபிட்டை வெட்டினார்கள், 1999 சட்டத்தால் எல்லாவற்றையும் தனியான அகதி உதவிக்கு மாற்றி ஆட்களை லண்டனுக்கு வெளியே அனுப்பத் தொடங்கினார்கள். அதற்கு முன்னால் வந்தவர்கள் தேவையின் பேரில் வீடு எடுத்தார்கள், அதில் பிழை ஒன்றும் இல்லை, குண்டுக்குத் தப்பி வந்த குடும்பத்துக்கு வீடு வேண்டும்தானே. சிலர் அதே வீட்டைப் பிறகு கழிவு விலையில் வாங்கி, விற்று, ஹரோவிலும் சறேயிலும் பெரிய வீடு எடுத்தார்கள். நல்லது, நன்றாக இருங்கள். அன்றைக்கு உங்களுக்கு முன்னால் ஒரு டகன்ஹாம் குடும்பம் மூன்று தலைமுறை வதிவோடு பட்டியலில் நின்றது. ‘நெடுநாள் குடிமக்களுக்கு முன்னுரிமை’ என்ற விதி அன்றைக்கு இருந்திருந்தால் நீங்கள் எந்த வீட்டில் படுத்திருப்பீர்கள்?

‘ஆனால் நாங்கள் வரி கட்டினோம்’ என்பதுதான் உங்கள் பலமான வாதம், அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கட்டியவருக்குப் பலன் வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது, இந்த நாட்டில் அது இருக்கவும் செய்கிறது. அரசு பென்சனைப் பாருங்கள்: 10 வருடம் நேஷனல் இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் ஒரு பென்ஸும் கிடையாது, முழுதாக எடுக்க 35 வருடம் வேண்டும். நேற்று வந்தவர் அதில் பங்கு கேட்பதில்லை, கேட்டாலும் கிடைக்காது. பணமாகக் கட்டிப் பணமாக எடுக்கிற விஷயத்தில் அந்தக் கணக்குப் பொருந்தும். நெஞ்சுவலியோடு கிடப்பவருக்கும் பிள்ளையோடு தெருவில் நிற்பவளுக்கும் அதே கணக்கைக் கொண்டுவந்தால், வாழ்நாளில் வரியே கட்டாத நம் அம்மாமாரை எங்கே நிறுத்துவது? ஸ்பொன்சரில் வந்து, பேரப்பிள்ளைகளை வளர்த்து, ஒரு நாளும் சம்பளச் சீட்டுப் பார்க்காதவர்கள் அவர்கள். அவர்களில் கொஞ்சப் பேர் இன்னும் ஐ.எல்.ஆர். என்ற நிரந்தர வதிவிட அனுமதியோடுதான் நிற்கிறார்கள், பிரஜாவுரிமைக்கு 2025இல் 1,735 பவுண் ஆகிவிட்டது, எதற்கு வீண் செலவு என்று விட்டுவிட்டார்கள். உங்கள் கடிதத்தில் ‘குடிமக்கள்’ என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? அப்படியென்றால் உங்கள் அம்மா வெளியே.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, கடிதம் எழுதியவர்கள் அதை யோசித்ததாகவே தெரியவில்லை. யார் பழைய ஆள், யார் புது ஆள் என்று சேவை கொடுக்கிற இடத்தில் யாராவது பார்க்க வேண்டும். ஜீ.பி. (குடும்ப டொக்டர்) வாசலில் இருக்கும் ரிசெப்ஷனிஸ்ட் பார்க்க வேண்டும், கவுன்சில் கவுண்டரில் இருக்கும் பிள்ளை பார்க்க வேண்டும். ஜோன் ஸ்மித்திடம் அவள் பாஸ்போர்ட் கேட்பாளா? உங்களிடம்தான் கேட்பாள். முகத்தையும் பெயரையும் பார்த்துத்தான் கேட்பாள், வேறு எதை வைத்துத் தெரிந்துகொள்வது? இது கற்பனை இல்லை. 2018இல் விண்ட்ரஷ் விவகாரம் வெடித்தபோது பார்த்தோமே. 1973க்கு முன்னர் கரீபியனிலிருந்து பிள்ளைகளாக வந்து, இங்கேயே படித்து, நாற்பது ஐம்பது வருடம் வேலை செய்து வரி கட்டிய ஆட்கள். கையில் சரியான தாள் இல்லை என்று வேலையை இழந்தார்கள், வீட்டை இழந்தார்கள், சிலருக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பில் நீட்டினார்கள், சிலரை நாடு கடத்தியே விட்டார்கள். அவர்களைவிட நெடுநாள் ஆட்கள் யார்? உள்துறை அமைச்சர் அம்பர் ரட் பதவி விலகினார், போன வீடும் போன வருடங்களும் திரும்பவில்லை. புது ஆட்களைப் பிடிக்கப் போட்ட வலையில் பழைய ஆட்கள்தான் மாட்டினார்கள்.

நமக்கு ஊரிலேயே இந்தப் பாடம் இருக்கிறது, இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. 1948இல் சுதந்திரம் கிடைத்த கையோடு இலங்கை அரசு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களைத்தான் வெளியே தள்ளியது. காடு வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்டு நூறு வருடத்துக்கு மேல் ஆனவர்களைப் பார்த்து, உன் அப்பன் இங்கே பிறந்தானா, தாள் எங்கே என்று கேட்டார்கள். நம் வடக்குத் தலைவர்களில் சிலர் அந்த அரசோடு போய் நின்றார்கள், அது ‘இந்தியர்’ பிரச்சினை, நம்முடையது அல்ல என்று பேசியவர்களும் இருந்தார்கள். செல்வநாயகம் அதை ஏற்காமல் பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1956இல் அடுத்த சட்டம், ‘சிங்களம் மட்டும்’ சட்டம், யாருக்கு வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டொக்டர், பள்ளிக்கூடம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என்.எச்.எஸ். ஊழியர்களில் ஐந்தில் ஒருவர் வெளிநாட்டுப் பிரஜை. அவர்கள் இல்லாவிட்டால் அப்பொயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்குமா? பள்ளி இடம் என்றால், பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு முதலில், பிறகு பெரும்பாலும் சகோதரர் படிக்கிறாரா, வீடு எவ்வளவு தூரம் என்று பார்ப்பார்கள். அது தவிர, லண்டனில் இன்றைக்குப் பல கவுன்சில்கள் பிள்ளைகள் போதாமல் ஆரம்பப் பள்ளிகளை மூடுகின்றன, ஹக்னியிலும் லம்பெத்திலும் சதர்க்கிலும் மூடிவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை என்று பள்ளியை மூடுகிற ஊரில் வந்தேறிகளால் இடமில்லை என்று எழுதினால் அதை வாசிக்கிற கவுன்சிலர் சிரிப்பார். நீங்கள் சொல்வது நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கிற கிராமர் ஸ்கூல் இடம் என்றால், அதற்குப் போட்டி நம் ஆட்களுக்குள்ளேதான், ரியூஷன் மாஸ்டர்மாருக்குத் தெரியும்.

ஏன் இப்போது இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது. 2025 நவம்பரில் உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் வைத்த முன்மொழிவுகளில், நிரந்தர வதிவிடத்துக்கு வழக்கமான 5 வருடம் 10 ஆகிறது, கெயார் வேலைக்கு வந்தவர்களுக்கு 15, அகதிகளுக்கு 20. பெனிபிட்டும் சமூக வீடும் பிரஜாவுரிமை எடுத்தவருக்கு மட்டும் என்று ஆக்கலாமா என்றும் அதே பொதியில் யோசனை வைத்திருக்கிறார். 2022இல் ஆள் இல்லை, வாருங்கள் வாருங்கள் என்று கெயார் விசாவைத் திறந்துவிட்டவர்கள்தான் 2024 மார்ச்சில் குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது என்றார்கள், அடுத்து வந்த தொழிற்கட்சி அரசு 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதையே நிறுத்தியது. வந்தவர்களில் எத்தனையோ பேர் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஊரிலிருந்தும் ஏஜென்டுக்கு லட்சக்கணக்கில் கொட்டிவிட்டு வந்தவர்கள். நம் வயதானவர்களை முதியோர் ஹோமில் குளிக்க வார்த்து, டயபர் மாற்றுகிறவர்கள் அவர்கள். இந்த நேரத்தில் ‘இதோ, குடியேறிகளே கேட்கிறார்கள்’ என்று அரசாங்கம் தூக்கிக் காட்ட ஒரு கடிதம் வேண்டும். அதைத் தமிழ்ச் சங்கங்கள் எழுதிக் கொடுக்கப் போகின்றன. ஹொட்ஜின் கட்டுரையை அன்றைக்கு பி.என்.பி. தூக்கிப் பிடித்தது போலத்தான் இதையும் பிடிப்பார்கள்.

காத்திருந்த காலத்துக்கு மதிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே அளவு தேவையில் இரண்டு குடும்பங்கள் நின்றால், பட்டியலில் முன்னே பெயர் பதிந்தவருக்குப் போகட்டும், அதுதான் இப்போதும் பெரும்பாலும் நடக்கிறது. பெற்றோரைப் பார்க்க வேண்டியவர் பக்கத்திலேயே வீடு கேட்டால் அதற்கும் மதிப்பெண் இருக்கட்டும். உள்ளூர்த் தொடர்பு பார்க்க 2011 சட்டம் கவுன்சில்களுக்கு இடம் கொடுத்தது, குறைந்தது இரண்டு வருட வதிவு கேளுங்கள் என்று 2013இல் அரசே வழிகாட்டியும் கொடுத்தது. அதற்கு மேலே போய் ஹிலிங்டன் கவுன்சில் 10 வருடம் என்று போட்டது, 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அது அகதிகளையும் ஐரிஷ் நாடோடிக் குடும்பங்களையும் மறைமுகமாக ஒதுக்குகிறது என்று தீர்ப்புச் சொன்னது. நீங்கள் கேட்பது அந்தப் பத்து வருடத்தைவிட அதிகம். நீதிமன்றப் படியில் நிற்காத ஒன்றை ஏன் நம் பெயரில் கேட்க வேண்டும்?

கவுன்சிலுக்குக் கடிதம் எழுதத்தான் வேண்டும், நான் மறுக்கவில்லை. அடுத்த மூன்று வருடத்தில் எத்தனை சமூக வாடகை வீடு கட்டப் போகிறீர்கள் என்று இலக்கத்தோடு கேட்போம். போன வருடம் கொடுத்த வீடுகள் எந்தெந்தப் பிரிவுக்குப் போயின என்று கேட்போம், பதில் வந்தால் இந்த வாதமே தேவைப்படாது. ஒரு வீட்டில் பல பேரைத் தங்கவைக்கும் ஆட்களின் லைசென்ஸைப் போய்ச் சோதியுங்கள் என்று கேட்போம், இதில் நம் ஆட்கள் சிலருக்கு வயிறு எரியும், எரியட்டும். அந்த அக்காவின் தற்காலிக வீட்டுச் சுவரில் பூஞ்சணம் ஏறி இளையவனுக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது, அவருடைய மருத்துவ முன்னுரிமையை மறுபடி பார்க்கச் சொல்லித் தனியாக ஒரு கடிதம் எழுதுவோம். ஆங்கிலத்தில் எழுத நான் உதவுகிறேன், கவுன்சிலரிடம் நேரில் போகவும் தயார்.

இப்போதைய கடிதத்தை அனுப்புவதென்றால் ‘தமிழ்ச் சமூகத்தின் சார்பில்’ என்பதை வெட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டவர்களின் பெயரில் மட்டும் அனுப்புங்கள். அந்தப் பட்டியலில் கேட்காமலே சேர்த்திருக்கும் என் பெயரையும், என்னைப் போல யாருடைய பெயரெல்லாம் கேட்காமல் சேர்ந்ததோ அவற்றையும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்